கரையை விட்டிறங்கிய பான்யா

கப்பல்கள் குளிர்காலத்துக்கு ஒதுங்கும் எங்கள் ஸதோன் ஊரில், ஆவியில் குளித்துவிட்டு வெளியே வருகிறவரை எதிரில் பார்த்தால், "ஆவி இதமா இறங்கட்டும்" என்று சொல்லியாக வேண்டும். யாராக இருந்தாலும் சரி. விவாகரத்தாகி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத புருஷனும் பெண்டாட்டியும்கூட இந்த ஒரு வார்த்தையைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். சிவந்த முகமும் ஈரத் தலையுமாக நிற்கிறவளைப் பார்த்தும் ஒருவன் வாயைத் திறக்கவில்லை என்றால், அவளை மனுஷியாகவே அவன் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த ஜனவரி மாத வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேர் பான்யாவின், அதாவது எங்கள் ஆவிக் குளியலறையின், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, வாசலில் வாதிம் பாவ்லொவிச் நின்றுகொண்டிருந்தார். ஆற்றங்கரையை அழகுபடுத்துவதற்கென்று மாவட்ட அலுவலகத்தில் புதிதாக உட்கார்ந்திருப்பவர். ஒரு கையில் பசைப் புட்டி. கதவில் அப்போதுதான் ஒட்டிய தாள், இன்னும் ஈரம் காயவில்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்தார். புட்டியை மூடினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னடி ரிம்மா, இவன் ஊமையாயிட்டானா?" என்றாள் ஸோயா. என் காதில் சொல்வதுபோல, அவருக்குக் கேட்கும்படியாக.

ஸோயா எங்கள் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவள். உச்சியில் உட்கார்ந்து உட்கார்ந்து, கீழே இறங்கினாலும் எல்லோரையும் மேலேயிருந்துதான் பார்ப்பாள். கூட இருந்தவள் நெல்லி, பட்டறை உணவகத்தின் சமையல்காரி. நான் ரிம்மா. அதே பட்டறையில் கேஸ் கட்டரும் வெல்டிங்கும் என் வேலை.

"ஸோயா மத்வேயெவ்னா, இது அலுவலக விஷயம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் கொட்டகை இங்க இருக்கக் கூடாது. இங்க நடைபாதை வருது. கல் பதிக்கிறோம், விளக்கு போடறோம், பூந்தொட்டி வைக்கிறோம்."

"பூந்தொட்டியில நாங்க குளிக்கறதா?" என்று கேட்டாள் நெல்லி.

"எல்லாரும் வீட்ல குளிக்கற மாதிரி நீங்களும் வீட்ல குளிங்க."

"எந்த வீட்லடா?" ஸோயாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீ பொறந்து வளந்த மரக் குடியிருப்புதானே? இன்னைக்கும் ஒரே குழாய்தான், அதுலயும் பச்சைத் தண்ணிதான். நீங்கதானே பொதுக் குளியல் கூடத்தை மூடி, அதுல டயர் கடை வச்சீங்க? டேய் வாதிக், அந்தக் கூடத்துல உன் முதுகுக்கு சோப்பு போட்டவடா நான். கண்ணு எரியுதுன்னு ஊரே கேக்கற மாதிரி கத்துவே."

அவருடைய டிரைவர் காருக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். வாதிம் பாவ்லொவிச்சின் காது எங்கள் முகத்தைவிடச் சிவந்துவிட்டது. காரில் ஏறிப் போனார். அப்போதும் சொல்லவில்லை.

தாளில் 'அனுமதியற்ற இரும்புக் கொட்டகை' என்று எழுதியிருந்தது. கொட்டகையாம்! அது துடுக்கன் என்ற இழுவைக் கப்பலின் மேலறை. கப்பலை வெட்டி விற்றபோது மேலறையை மட்டும் நாங்கள் கேட்டு வாங்கி, கரையில் குழாய்களை அடித்து அதன்மேல் நிறுத்தினோம். உள்ளே ஆஸ்பென் மரப் பலகை வைத்து இழைத்தோம். தடித்த குழாயை வெட்டி நான் அடுப்பு செய்தேன். அடுப்பின் மேலே ஆற்றுக் கல். பக்கவாட்டில் வெல்டிங் கோட்டால் எழுதிய பெயர், எத்தனை முறை சாயம் அடித்தாலும் மறையாமல், துடுக்கன் என்று இன்னமும் துருத்திக்கொண்டு நிற்கும். வியாழன் பெண்களுக்கு, சனி ஆண்களுக்கு.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்கு இதன் அருமை புரியாது. குளிர்காலத்தில் கப்பல்கள் ஆற்றிலிருந்து ஒதுங்கிக் கிடக்கிற இந்தத் தேக்கத்தில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடக்கும். சுற்றிலும் பனியை வெட்டிப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு நான் அவற்றின் அடிவயிற்றை வெல்டிங்கால் பற்றவைப்பேன். மேலே இருந்து தீப்பொறி விழும், கீழே இருந்து குளிர் ஏறும். குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுப்பங்கரை வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டால் அது எழுந்து போகுமா? கல்லில் தண்ணீரை ஊற்றி, ஆவி எழும்பி, நெல்லி இலையோடு சேர்த்துக் கட்டிய பிர்ச் மரக் கிளைக் கட்டால் முதுகில் நாலு சாத்து சாத்தினால்தான் போகும். வாரம் முழுக்க என் உடம்பு பட்டறைக்குச் சொந்தம். வியாழக்கிழமை மாலை மட்டும்தான் அது எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. அதையும் பிடுங்குகிறேன் என்றால் எனக்கு வயிறு எரியாதா?

மறுநாள் மேலாளர் அர்காதி ல்வொவிச் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. யார் சத்தமாகப் பேசினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான்.

"ரிம்மா யெகரொவ்னா, உக்காருங்க. கரையைச் சுத்தம் பண்ற வேலையை மாவட்டம் நம்ம பட்டறைக்கே குடுத்திருக்கு. அந்த... அந்த இரும்பை அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்தாகணும்."

"எடுங்க."

"நீங்கதான் வெட்டணும்."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"வேற யாரையாவது சொல்லலாம்தான். ஆனா வாதிம் பாவ்லொவிச் உங்களையே சொன்னார். நீங்க வெட்டினா மத்தவங்க சத்தம் போட மாட்டாங்களாம். முடியாதுன்னா, நான் உங்க கையிலேர்ந்து கட்டரை வாங்க வேண்டியிருக்கும். எனக்கு வேற வழி இல்லை."

என் அடுப்பை என் கையாலேயே வெட்ட வேண்டுமாம். அந்த யோசனை வந்த தலையை நினைத்து எனக்கு ஆத்திரம் பொங்கியது. கதவை அறைந்து சாத்திவிட்டு நேராகக் கிரேனுக்குப் போனேன். ஏணியில் பாதி ஏறி நின்று கத்தினேன்.

"ஸோயா! துடுக்கனைத் தூக்க உன் கிரேனால முடியுமா?"

"முழுக் கப்பலையே தூக்கினவடி நான். எங்க வைக்கணும்?"

நான் பனியைக் காட்டினேன். ஸோயா கண்ணாடி வழியாகக் குனிந்து பனியைப் பார்த்தாள். பிறகு மேலேயிருந்து அவள் சிரித்த சிரிப்பில் கிரேனே ஆடியது.

விஷயம் இதுதான். கரை மாவட்டத்துக்குச் சொந்தம். தண்ணீர் அவர்களுக்குச் சொந்தம் இல்லை. ஆறும் தேக்கமும் தலைநகரத்தில் இருக்கிற ஏதோ ஒரு துறையின் கையில். அங்கே ஒரு கேள்வி கேட்டுப் பதில் வருவதற்குள் இங்கே குழந்தை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் உறைந்து கல்லானாலும் அது அவர்களுடைய தண்ணீர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாதிம் பாவ்லொவிச் புகைப்படக்காரனோடு வந்தார். ஸதோனே கூடியிருந்தது. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் முகமூடியை இறக்கிக்கொண்டு கட்டரைப் பற்றவைத்தேன். முதல் குழாயை வெட்டினேன். கூட்டத்தில் யாரோ ஒருத்தி விசும்பினாள். அவளுக்கு விஷயம் தெரியாது. இரண்டாவது குழாய், மூன்றாவது, நான்காவது.

"ரொம்ப நல்லது, ரிம்மா யெகரொவ்னா," என்றார் வாதிம் பாவ்லொவிச். "இனிமே சுவரை வெட்டிடுங்க."

நான் கட்டரை அணைத்தேன். ஸோயாவின் கிரேன் கையை நீட்டியது. கொக்கி இறங்கியது. துடுக்கன் மெல்ல எழுந்து, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, கப்பலை உந்தும் விசிறிகளை இழுத்துப் போகிற பனிச்சறுக்கு வண்டியின்மேல் போய் உட்கார்ந்தது. உறைந்து நின்ற சரக்குப் பார்ஜில் கம்பியைச் சுற்றி இழுக்கிற வின்ச் கிறீச்சிட்டது. கம்பி விறைத்தது. எங்கள் பான்யா கரையை விட்டிறங்கி, பனியின் மேல் அசைந்து அசைந்து, தேக்கத்தின் நடுவுக்குப் புறப்பட்டுப் போனது.

"எங்க... எங்க கொண்டு போறீங்க?"

"அதான் எடுத்துட்டோமே," என்றாள் நெல்லி. "கரை இப்ப சுத்தமா இருக்கு பாருங்க. பூந்தொட்டி வைங்க."

அவர் தொலைபேசியை எடுத்தார். யார் யாரையோ கூப்பிட்டார். பனி யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அர்காதி ல்வொவிச் கோட்டுக் காலருக்குள் தலையை இழுத்துக்கொண்டு, இந்த ஊருக்கே தான் வரவில்லை என்பதுபோல நின்றார். அன்று ஸதோனில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர்.

இப்போது எங்கள் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பனியோடு பிறந்து, பனியோடு வளர்ந்து, பனியை வெட்டியே சோறு தின்கிற ஜனங்கள் நாங்கள். எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்று மிதிக்கும்போதே சொல்லிவிடுவோம். ஆனால் அடுத்த வியாழக்கிழமை வெற்றிக் களிப்பில் அடுப்பை மூட்டி, குவளை குவளையாக வெந்நீரை ஊற்றிக் குளித்தபோது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருத்திக்குமே தோன்றவில்லை. கரையில் இருந்தவரை தரையில் இருந்த ஓட்டை வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. இப்போதும் அதே ஓட்டை வழியாகத்தான் போனது. நேராகப் பனியின்மேல்.

அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். நெல்லி கிளைக் கட்டை ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள்.

"அது என்னடி சத்தம்?"

"உன் முழங்கால்," என்றாள் ஸோயா.

அடுத்த கணம் அடுப்பு இருந்த மூலை சரேலென்று இறங்கியது. வாளிகள் உருண்டன. கல்லில் ஆற்றுத் தண்ணீர் பட்டு, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்கு ஆவி. அகப்பட்ட துணியைச் சுற்றிக்கொண்டு அத்தனை பேரும் பனியின்மேல் ஓடினோம். காலில் செருப்பில்லை. எங்கள் உடம்பிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. நெல்லி சுற்றிக்கொண்டு வந்தது ஜன்னல் திரை.

கரையில் கல் பதிப்பதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தார் வாதிம் பாவ்லொவிச். இந்த முறை அவர் சிரித்தார்.

"நான் ஒண்ணும் செய்யப்போறதில்லை," என்று கரையிலிருந்தே கூவினார். "யாருக்கும் போன் பண்ண மாட்டேன். ஏப்ரல் வெயில் எல்லாத்தையும் பாத்துக்கும். இரும்பு தண்ணியில என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவர் சொன்னது உண்மை. அதனால்தான் அப்படிச் சுட்டது. மறுநாள் போய்ப் பார்த்தேன். துடுக்கன் ஒரு மூலை அமிழ்ந்து, குடிகாரன் வேலியில் சாய்ந்த மாதிரி சாய்ந்து, அப்படியே உறைந்துபோயிருந்தது. அடுப்புக்குள் பனி. நான் செய்த அடுப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். யார் பார்த்தாலும் எனக்கென்ன?

போதாக்குறைக்கு அர்காதி ல்வொவிச் என் கட்டரையும் வாங்கி வைத்துக்கொண்டார். மாவட்டத்தின் முகத்தில் கரியைப் பூசியதற்குத் தண்டனையாம். என்னைப் பனி வெட்டுகிற கூட்டத்தில் போட்டார். அந்த வேலையில் அவசரம் கூடாது. கப்பலைச் சுற்றிப் பனியைக் கோடரியால் ஒரு கை ஆழம் வெட்ட வேண்டும். தண்ணீர் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால், மேலே கனம் குறைந்ததால் குளிர் கீழே இறங்கி, அடியில் புதுப் பனி கெட்டிப்படும். மறுபடியும் ஒரு கை ஆழம். இப்படியே இறங்கி இறங்கிக் கப்பலின் அடியைத் தொட்டுவிடலாம், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. அவசரப்பட்டு ஒரு கொத்து அதிகமாகப் போட்டால் ஆறு உள்ளே வந்துவிடும்.

இதே வேலையைச் செய்துகொண்டிருந்தபோதுதான் தலையில் உறைத்தது. அட கழுதை, கப்பலுக்குச் செய்கிறதைத் துடுக்கனுக்குச் செய்தால் என்ன? அதுவும் கப்பல்தானே! அடிவரை பனியை வெட்டி, அடியில் மிதவையைக் கொடுத்துப் பற்றவைத்துவிட்டால், வெயில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும்.

மிதவையும் இருந்தது. தூர் வாரும் கப்பலின் குழாயை ஆற்றின்மேல் தாங்கிப் பிடித்த உருளைகள், பழைய இரும்புக் குவியலில் பனி மூடிக் கிடந்தன. அவை பட்டறையின் சொத்து. கட்டரும் பட்டறையின் சொத்து. இரண்டும் அர்காதி ல்வொவிச்சின் கையில். அவரோ என்னைப் பார்த்தாலே வேறு கதவு வழியாகப் போய்விடுவார்.

"அவரை எங்கிட்ட விடு," என்றாள் நெல்லி.

அன்றிலிருந்து அர்காதி ல்வொவிச்சுக்கு மட்டும் உணவகத்தில் ஆறிப்போன சூப் வந்தது. ஆறிய உருளைக்கிழங்கு. கொழுப்பு உறைந்து வெள்ளையாக மிதக்கிற இறைச்சி. தேநீர் கேட்டால் அதுவும் பச்சைத் தண்ணீர் சூட்டில்.

"நெல்லி பொரீஸொவ்னா, என்ன இது?"

"என்ன குறை? உப்பு சரியாத்தானே இருக்கு?"

"சூடு எங்க?"

"சூடா? இந்த ஊர்ல சூடு யாருக்குக் கிடைக்குது, அர்காதி ல்வொவிச்? எங்க முதுகுக்கே இல்லை. உங்க வயித்துக்கு மட்டும் எதுக்கு?"

உணவகமே தட்டைத் தட்டி ஆரவாரம் செய்தது. அவர் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் சூப் கொண்டுவரப் பார்த்தார். அவர் மனைவியும் வியாழக்கிழமை எங்களோடு குளிக்கிறவள்தான் என்பதை மறந்துவிட்டார். பிளாஸ்க்கைத் திறந்தால் அதிலும் ஆறிய சூப். அந்த வாரக் கடைசியில் என் கட்டர் என் பெட்டிக்குள் தானாகத் திரும்பி வந்திருந்தது. தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போகும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"அந்த உருளைங்க அங்க கிடந்ததை நான் பாத்ததேயில்லை. இனிமேலும் பாக்கப்போறதில்லை."

வேலை முடிந்த பிறகு தினமும் வெட்டினோம். ஒரு கை ஆழம், பிறகு காத்திருப்பு. ஒரு கை ஆழம், பிறகு காத்திருப்பு. எனக்குப் பொறுமை கிடையாது. காத்திருக்கிற நாட்களில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மார்ச் மாதம் குளிர் விடைபெறுவதற்கு முன்பாக அடிக்குப் போய்விட்டோம். ஸோயாவின் கிரேன் அவ்வளவு தூரம் எட்டாது. ஜாக்கி வைத்து, மரக்கட்டை கொடுத்து, விரல் விரலாகத் தூக்கினோம். உருளைகளை உள்ளே உருட்டினோம். அந்தப் பள்ளத்தில் மல்லாந்து படுத்து நான் பற்றவைத்த கோடுகளைப் போல என் வாழ்நாளில் வேறு எதையும் பற்றவைத்ததில்லை. அரசாங்கக் கப்பலுக்குக்கூட அப்படி உழைத்ததில்லை. தரை ஓட்டைக்கு இந்த முறை ஒரு பீப்பாயும் வைத்தோம். ஒரு தடவை நனைந்தது போதும்.

ஏப்ரல் வந்தது. எங்கள் தேக்கத்தில் பனி ஆற்றைப்போல உடைந்து ஓடாது. இருந்த இடத்திலேயே கறுத்து, தேன்கூடு மாதிரி பொத்துப்போய், ஒருநாள் இல்லாமல் போகும். அந்த நாளைப் பார்க்க மொத்த ஸதோனும் கரைக்கு வந்திருந்தது. வாதிம் பாவ்லொவிச்சும் வந்திருந்தார். துடுக்கனின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"உள்ள யாருடி?" என்றேன்.

"ஸோயா," என்றாள் நெல்லி. "காலைலயே பலகை போட்டு நடந்து போயிட்டா. வர மாட்டாளாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. கரையிலிருந்து கத்தினேன். "ஸோயா! வெளிய வாடி! வெல்டிங் தாங்கலைன்னா செத்துப்போயிருவே!"

கதவு திறந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஸோயா எட்டிப் பார்த்தாள்.

"நீ பத்தவச்சதுதானே?"

"ஆமா."

"அப்புறம் என்னத்துக்குக் கத்தறே? குளிர் உள்ள வருது." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பனி விட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரிதான். துடுக்கன் குலுங்கியது. அடுப்பு மூலை தாழ்ந்தது. தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது. என் கைவிரல்களை நானே கடித்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் தண்ணீர் வாசற்படிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது. பிறகு துடுக்கன் மெல்ல நிமிர்ந்தது. முழுக்க நிமிரவில்லை, அடுப்புப் பக்கம் கொஞ்சம் சாய்வுதான், முழங்கால் வலிக்கிற நெல்லி நடக்கிற மாதிரி. ஆனால் மிதந்தது. புகைபோக்கி புகைத்துக்கொண்டே மிதந்தது! கரை முழுக்க எழுந்த கூச்சலில் காக்கைகள் பறந்தன. அர்காதி ல்வொவிச் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினார். பிறகு பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து, மாட்டிக்கொண்டார்.

மே மாதம் சிறு படகுகளைப் பதிவு செய்கிற ஆய்வாளர் வந்தார். மாவட்டம்தான் புகார் சொல்லி அனுப்பியிருந்தது. படகில் ஒரு சுற்று சுற்றினார். மிதக்கிறதா, மிதக்கிறது. பெயர் இருக்கிறதா, இருக்கிறது. உயிர்காப்பு அங்கி இல்லையே என்று மட்டும் கண்டித்தார். இப்போது பிர்ச் கிளைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிற அங்கிகளும் தொங்குகின்றன. துடுக்கன் பதிவேட்டில் ஏறி மறுபடியும் கப்பலாகிவிட்டது.

ஜூன் மாதம் நடைபாதைத் திறப்பு விழா. கல் பதித்தாகிவிட்டது. விளக்கு, பூந்தொட்டி எல்லாம் வந்துவிட்டன. தண்ணீருக்குள் இறங்குகிற அழகான படிக்கட்டும் கட்டியிருந்தார்கள். படிக்கட்டுக்கு நேர் எதிரே, புகைந்துகொண்டு, எங்கள் துடுக்கன். விழா வியாழக்கிழமை. வாதிம் பாவ்லொவிச் முந்தின நாள் தானே பட்டறைக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஒரே ஒரு நாள். பார்ஜுக்குப் பின்னால நகத்தி வச்சுக்கோங்க. மாகாணத்துலேர்ந்து விருந்தாளிங்க வராங்க. கேட்டுக்கறேன்."

"வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதான்," என்றாள் ஸோயா. "வேணும்னா விருந்தாளிங்களை நகத்தி வச்சுக்கோ."

மறுநாள் குளித்தோம். ஆவியில் உட்கார்ந்திருந்தபோது கரையிலிருந்து வாத்தியச் சத்தமும் ஒலிபெருக்கியில் அவருடைய குரலும் கேட்டன. கைவிடப்பட்டுக் கிடந்த இந்தக் கரை, என்றார். யாருக்கும் பயன்படாமல் கிடந்த இந்த இடம், என்றார். நான் கல்லில் ஒரு குவளை அதிகமாகவே ஊற்றினேன். 'யாருக்கும்' என்றால் நாங்கள் யார்?

முடித்துவிட்டு, ஆற்றில் ஒரு முங்கு முங்கி, உடுத்திக்கொண்டு படகில் ஏறினோம். வழக்கமாகப் பட்டறைப் பக்கம்தான் போவோம். துடுப்பு ஸோயாவின் கையில் இருந்தது. அவள் படகைப் புதுப் படிக்கட்டுக்குத் திருப்பினாள். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

படியேறினோம். அத்தனை பேரும் சிவந்த முகம், தலையில் துண்டு, கன்னத்தில் ஒட்டிய பிர்ச் இலை. வாத்தியம் நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்ட விருந்தாளிகள் பார்த்தார்கள். வாதிம் பாவ்லொவிச் ஒலிவாங்கிக்கு முன்னால், பாதி வாக்கியத்தில் நின்றார். ஸோயா நேராகப் போய் அவர் எதிரே நின்றாள். துண்டின் நுனியிலிருந்து புதுக் கல்லில் தண்ணீர் சொட்டியது. காத்திருந்தாள்.

கரையில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று தெரியும். அவருக்கும் தெரியும். எத்தனை நல்ல கோட்டுப் போட்டாலும் அவர் ஸதோனில் பிறந்தவர். அவர் விருந்தாளிகளைப் பார்த்தார். ஸோயாவைப் பார்த்தார். பிறகு, சின்னப் பையன் குரலில், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல முணுமுணுத்தார்:

"ஆவி... ஆவி இதமா இறங்கட்டும், ஸோயாக்கா."

ஒலிவாங்கியை யாரும் அணைத்திருக்கவில்லை. அந்த முணுமுணுப்பு ஒலிபெருக்கிகளில் புறப்பட்டு, நடைபாதை முழுக்கவும், பட்டறையின் கூரைக்கு மேலேயும், தேக்கத்தின் அக்கரை வரையும் போனது. பிறகு ஸதோன் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது: "உனக்கும் இறங்கட்டும்!"

ஸோயா தன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, முறுக்கிப் பிழிந்தாள்.

"சனிக்கிழமை ஆம்பளைங்க முறை, வாதிக்," என்றாள். "நேரத்துக்கு வா. சோப்பை நீயே போட்டுக்கோ."